காவலும் களஞ்சியமும்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அலங்காநல்லூர் என்றதும் உலகின் நினைவுக்கு வருவது வாடிவாசல். ஆண்டின் எஞ்சிய நாள்களில் இவ்வூரை வாழ வைப்பவை நெல்லும் கரும்பும். பெரியாற்றுப் பாசனக் கால்வாயின் நீரில் நெல் விளைகிறது. கரும்பின் வளத்தை நம்பியே இங்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. இவ்வூருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் அழகர்மலையில், கிடாரிப்பட்டியை அடுத்த குகைத்தளத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்-பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. துறவியர்க்குக் கற்படுக்கை அமைக்க உதவியோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் ஆகியோரோடு பணித வணிகன் ஒருவனும் அவர்களுள் இடம்பெற்றிருக்கிறான். பணிதம் என்பது பாகு. பாகு விற்றவன் ஈட்டிய பொருளில், பசியை வென்றவர்கள் படுக்கை பெற்றார்கள். இனிப்பும் நோன்பும் ஒரே பாறையில் அருகருகே பெயர் பெற்றிருக்கின்றன.

அவ்விரண்டும் மனித உடலுக்குள் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கல்லீரல், மற்றொன்று பலரும் பெயர் கேட்டிராத தைமஸ் சுரப்பி. முன்னது களஞ்சியம், பின்னது காவலரைப் பழக்கும் கூடம். களஞ்சியத்தில் கொழுப்பு எவ்வளவு தங்கும், அங்கே தீங்கு விளையுமா என்பதில் காவற்கூடத்துக்கும் பங்குண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

மதுவைத் தொட்டறியாத ஒருவர், புலாலை மறுத்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், வேறேதோ காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கிறார். அறிக்கையில் 'கல்லீரலில் கொழுப்பு' என்று எழுதப்பட்டிருக்கிறது. "குடிப்பதுண்டா?" என்பது மருத்துவரின் முதற்கேள்வி. இல்லை என்று அவர் சொல்லும் விடையை மனைவி நம்புகிறார், மைத்துனர் நம்புவதில்லை. நோயினும் அந்தப் பார்வையே அவரை வருத்துகிறது. இத்தகையோர் இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் 541 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் 32 விழுக்காட்டினருக்கு மது சாராத கல்லீரல் கொழுப்பு இருந்தது. 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2023 ஜூனில் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி நோயின் பெயரையே மாற்றின. 'மது சாராத' என்ற அடைமொழி நீங்கி, 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்ற அடைமொழி வந்தது. நோயாளியின்மீது வீண்பழி சேரலாகாது என்பதும் அம்மாற்றத்துக்கு ஒரு காரணம்.

முதலில் களஞ்சியத்தைப் பார்ப்போம். வயிற்றின் வலப்புறம் மேற்பகுதியில், விலாவெலும்புகளின் மறைவில், ஏறத்தாழ 1.5 கிலோ எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். கொழுப்பு அங்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. உண்ட உணவின் கொழுப்பு ஒரு வழி. உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து குருதி வழியே கசிந்து வருவது இரண்டாம் வழி. மிகையாக உண்ட சர்க்கரையையும் மாவுப்பொருளையும் கல்லீரல் தானே கொழுப்பாக மாற்றிக்கொள்வது மூன்றாம் வழி. வந்த கொழுப்பு வெளியேறும் வழிகள் இரண்டே. ஒன்று, ஆற்றலுக்காக அங்கேயே எரிந்து தீர்வது. மற்றொன்று, புரதத்தாலான பொதிகளில் ஏறிக் குருதி வழியே பிற உறுப்புகளுக்குச் செல்வது. வரவு மிகுந்தாலும் செலவு குறைந்தாலும் கொழுப்பு தேங்கும். கல்லீரலில் கொழுப்பின் அளவு 5 விழுக்காட்டைக் கடந்தால் அது நோயின் தொடக்கம். தேக்கம் மட்டுமே உள்ள நிலையில் மீள்வது எளிது. அழற்சியும் சேர்ந்துவிட்டால் தழும்பு விழுகிறது. தழும்பு முற்றினால் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. கொழுப்புத் தேங்கிய எல்லாருக்கும் அழற்சி வருவதில்லை. வருவோர்க்கு ஏன் வருகிறது என்று தேடிய அறிஞர்கள் காவற்கூடத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தனர்.

மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே, இரு மடல்களாக அமைந்திருப்பது தைமஸ் சுரப்பி. கழுத்தில் உள்ள தைராய்டு வேறு, இது வேறு. பிறந்த குழந்தைக்கு 10 முதல் 15 கிராம் வரை எடையுள்ள இச்சுரப்பி, பருவமெய்தும் வயதில் 30 முதல் 40 கிராம் வரை வளர்கிறது. பின்னர் ஆண்டுதோறும் சுருங்குகிறது. முதுமையில் அதன் பெரும்பகுதி கொழுப்பாகவே மாறிவிடுகிறது.

1961-ஆம் ஆண்டு வரை இச்சுரப்பியின் பணி எதுவென்று மருத்துவ உலகம் தெளிவாக அறிந்திருக்கவில்லை. பயனற்றுப்போன பழைய எச்சம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவ்வாண்டில் லண்டனில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர், பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் நோய்த்தொற்றுகளுக்கு ஆளாகி நலிந்து மடிவதைக் கண்டு வெளியிட்டார். மடிந்தவற்றுள் பலவற்றின் கல்லீரலிலும் நோய்ச்சுவடுகள் காணப்பட்டன. எலியும் ஓருயிரே. அவ்வுயிர்களின் துன்பத்தால் கிடைத்த அறிவு இது என்னும் நினைவோடுதான் இவ்வுரையில் இனி வரும் பல செய்திகளையும் கேட்க வேண்டும். கேட்டு மறப்பதற்காக அவ்விலை கொடுக்கப்படவில்லை.

தைமஸ் செய்யும் பணியை அலங்காநல்லூர் மக்களுக்கு விளக்குவது எளிது. ஏறுதழுவும் நாளில் காளைகளும் சரி, காளையரும் சரி, மருத்துவச் சோதனையில் தேறிய பின்னரே களம் காண்கின்றனர். அதுபோல எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் வெள்ளணுக்கள் தைமஸுக்கு வந்து இரண்டு தேர்வுகளை எழுதுகின்றன. உடலின் அடையாளத்தைப் படிக்கத் தெரிகிறதா என்பது முதல் தேர்வு. சொந்த உடலையே தாக்கும் இயல்பு இருக்கிறதா என்பது இரண்டாம் தேர்வு. படிக்கத் தெரியாததும் நீக்கப்படும். தன்னைத் தாக்குவதும் நீக்கப்படும். வருவனவற்றுள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அங்கேயே அழிந்துபோகின்றன. தேறியவையே டி அணுக்கள் என்னும் பெயருடன் உடலெங்கும் காவலுக்குச் செல்கின்றன. தைமஸின் பெயரிலிருந்தே அந்த 'டி' வந்தது. அவற்றுள் சில பகைக் கிருமியைக் கொல்பவை. சில மற்றவற்றை அடக்கி அமைதி காப்பவை. இவ்விரு வகையும் சரியான அளவில் இருந்தால்தான் கல்லீரல் போன்ற உறுப்புகளில் வீண்கலகம் எழாது.

இவ்விரு உறுப்புகளின் உறவை நோக்கிய தொடக்கச் சுவடுகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே பதிந்திருக்கிறது. நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில், 1918-இல், ஒரே அறையில் பெரிபெரி நோய் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். அவ்வாய்வகமே 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டுமே உணவாக அளித்தார். அவை நலிந்து மடிந்தபோது உறுப்பு உறுப்பாக எடைபோட்டுப் பார்த்தார். உணவுக் குறையால் எந்த உறுப்பு மிகுதியாகச் சுருங்குகிறது என்று 1919-இல் வரிசைப்படுத்தி எழுதினார். அவ்வரிசையில் முதலிடத்தில் நின்றது தைமஸ். கல்லீரல் நடுவில் நின்றது. மூளை கடைசியில் நின்றது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி மட்டும் சுருங்காமல் பருத்திருந்தது. வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்க முடியும் என்பதைத் தீட்டிய அரிசி காட்டியது. பட்டினி நேர்ந்தால் உடல் முதலில் காவற்கூடத்தின் செலவைக் குறைக்கிறது என்பதைத் தைமஸ் காட்டியது.

அதே குன்னூரில் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மற்றொரு பாதியைக் கண்டனர். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், புரதக் குறையால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் என்னும் நோயை ஆராய்ந்தார். அந்நோயுற்ற குழந்தையின் கால்கள் வீங்கும், முடி நிறம் மாறும், தோல் உரியும், வயிறு புடைக்கும். வி. ராமலிங்கசுவாமி, புரதக் குறை கல்லீரலில் விளைக்கும் மாற்றங்களை அங்கே ஆராய்ந்தார். எலும்பும் தோலுமான குழந்தையின் கல்லீரல் கொழுப்பால் நிறைந்திருக்கும் என்பது கேட்போரை வியக்க வைக்கும் உண்மை.

இதற்கு விடை களத்துமேட்டில் இருக்கிறது. அறுவடை முடிந்து நெல் குவிந்து கிடக்கிறது; சாக்கு இல்லை. வண்டி வந்து நின்றும் பயனில்லை. நெல் களத்திலேயே கிடந்து மக்கிப்போகிறது. கல்லீரலின் கொழுப்பை வெளியே அனுப்பும் பொதி புரதத்தால் ஆனது. புரதம் உண்ணாத குழந்தையின் கல்லீரலில் சாக்கு இல்லை. ஆகவே, உணவுக் குறையிலேயே கொழுப்பு தேங்குகிறது. அதே குழந்தையின் தைமஸ் மெக்காரிசனின் புறாக்களில் போலவே சுருங்கிவிடுகிறது. அறுவை செய்து நீக்கியதற்கு இணையான நிலை என்னும் பொருளில் மருத்துவர்கள் அதற்கு 'ஊட்டக்குறைத் தைமஸ் நீக்கம்' என்றே பெயரிட்டனர். அக்குழந்தைகளைத் தட்டம்மையும் கழிச்சலும் எளிதில் கொண்டுபோனதற்குக் காரணம் அதுவே.

1990-களில் பொலிவியா நாட்டின் கோச்சபம்பா நகரில், கடுமையான ஊட்டக்குறையுற்ற குழந்தைகளின் தைமஸ் அல்ட்ராசவுண்டு கருவியால் அளக்கப்பட்டது. நல்லுணவு தந்தபோது ஒரு மாதத்தில் குழந்தையின் எடை தேறியது. தைமஸ் தேற இரண்டு மாதம் ஆயிற்று. உணவோடு துத்தநாகமும் சேர்த்துக் கொடுத்தபோது தைமஸும் ஒரு மாதத்திலேயே தேறியது. தைமஸ் சுரக்கும் தைமுலின் என்னும் ஹார்மோன் துத்தநாகத்தோடு இணைந்தால்தான் செயற்படும் என்பதால் அது இயல்பே. துத்தநாகக் குறை மனிதருக்கு நோயாக வரும் என்பதை 1960-களின் தொடக்கத்தில் உலகுக்கு உணர்த்தியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கன்னம் பூரித்துவிட்டது என்பதால் குழந்தை முழுதும் தேறிவிட்டதாகக் கொள்ளலாகாது. காவற்கூடம் கட்டி முடிய மேலும் சில காலம் நல்லுணவு தொடர வேண்டும் என்பதே அவ்வாய்வின் பாடம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவும் இவ்வகையில் ஆழ்ந்த பொருளுடையவை. தட்டில் விழும் பருப்பு கல்லீரலுக்குச் சாக்கு, தைமஸுக்குச் செங்கல்.

தைமஸைப் பற்றிய அறியாமை எவ்வளவு பெரிய தீங்கை விளைக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாடுகளில் உறக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், தைமஸ் பெருத்திருப்பதாக எண்ணினர். அது மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றிருக்கும் என்று முடிவு கட்டினர். நலமாக இருந்த குழந்தைகளுக்கும் அச்சுரப்பியைச் சுருக்குவதற்காக எக்ஸ்-கதிர் பாய்ச்சினர். அக்குழந்தைகளுள் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. பிழை எங்கே நேர்ந்தது? உடற்கூறு பயிலும் மாணவர்க்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். நாள்பட்ட பசியாலும் நோயாலும் அவர்களுடைய தைமஸ் சுருங்கியிருந்தது. சுருங்கியதையே இயல்பான அளவு என்று நூல்கள் கொண்டதால், இயல்பானது பெருத்ததாகத் தோன்றியது. ஏழையின் பசியைக் காணத் தவறிய கண்கள், செல்வர் வீட்டுக் குழந்தையையும் காக்கத் தவறின.

அவையோரே, இதுவரை கூறியது இல்லாமையின் கதை. இனி மிகுதியின் கதை.

பசித்த உடலில் தைமஸ் சுருங்குமானால், உண்டு பருத்த உடலில் அது செழித்திருக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பது அதுவன்று. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனை 1994-இல் நியூயார்க்கின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். லெப்டினை ஆக்கும் மரபணு பழுதான எலி ஓயாது உண்டு பருக்கும். அதன் கல்லீரல் கொழுப்பால் நிறைந்திருக்கும், தைமஸோ சுருங்கியிருக்கும். பட்டினி கிடக்கும் எலியிலும் லெப்டின் குறைந்து தைமஸ் சுருங்கும். இரு எலிகளுக்கும் லெப்டின் அளித்தபோது தைமஸ் காக்கப்பட்டது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெருத்த எலியும் மெலிந்த எலியும் ஒரே வாயிலில் வந்து நின்றன. பருத்த மனிதர் பெரும்பாலோரிடம் லெப்டின் குறைவதில்லை, மிகுந்தே இருக்கிறது. ஆயினும், ஓயாது ஒலிக்கும் பறையைக் காது கேளாமல் பழகிவிடுவது போல, உடல் அதன் குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை. இந்தியாவில் கால்நடை மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்யும் விஷ்வ தீப் தீட்சித்தும் அவர் குழுவினரும், உடற்பருமன் தைமஸின் முதுமையை விரைவுபடுத்துகிறது என்று 2009-இல் எழுதினர். எலிகளில் கண்டதற்கு ஒப்ப, நடுவயதுப் பருத்த மனிதரிடமும் தைமஸிலிருந்து புதிதாக வெளிவரும் டி அணுக்கள் குறைந்திருந்தன.

புதிய காவலர் வருகை குறையும்போது, பழைய காவலரே பெருகிக் காலியிடங்களை நிரப்புகின்றனர். அவர்களுள் சிலர் கல்லீரலுக்குள் வந்து தங்கியபின் என்ன செய்கின்றனர் என்பதை ஜெர்மானிய அறிஞர்களின் இரண்டு ஆய்வுகள் விளக்கின. கொழுப்பு மிகுந்த, கோலின் என்னும் சத்துக் குறைந்த உணவைத் தின்ற எலிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியானது முதலாவது. தைமஸில் பயின்ற இருவகை டி அணுக்கள் அக்கல்லீரலில் குவிந்தன. அவற்றுள் ஒருவகை விடுத்த வேதிச் செய்தி, கல்லீரல் அணுக்களை மேலும் மேலும் கொழுப்பை உள்ளே இழுக்கத் தூண்டியது. மற்றொரு வகை அழற்சியை வளர்த்தது. 2021-இல் வெளியான இரண்டாவது ஆய்வு, இக்கொல்லும் டி அணுக்கள் பகை எது உறவு எது என்று பாராமலே கல்லீரல் அணுக்களைத் தாக்குவதைக் காட்டியது. களஞ்சியத்தில் மக்கிய நெல்லின் புழுக்கம் காவலரின் மதியைக் கெடுக்கிறது. மதிகெட்ட காவலர் களஞ்சியத்துக்கே தீ வைக்கின்றனர். கல்லீரலின் கொழுப்பு டி அணுக்களைக் கெடுக்கிறது; கெட்ட டி அணுக்கள் கொழுப்பையும் அழற்சியையும் பெருக்குகின்றன. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அறுக்கும் வழியைக் கல்லீரலே வைத்திருக்கிறது. உண்ணாத வேளையில் கல்லீரல் எஃப்.ஜி.எஃப். 21 என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது என்று 2007-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. தேங்கிய கொழுப்பை எரிக்குமாறு கல்லீரலை அது ஏவுகிறது. 2016-இல் தீட்சித் குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். இதே ஹார்மோனைத் தைமஸின் சட்டகமாக அமைந்த அணுக்களும் சுரக்கின்றன என்றும், இது மிகுந்த எலிகளில் தைமஸ் கொழுப்பாக மாறுவது தாமதிக்கிறது என்றும், இது இல்லாத எலிகளில் அம்மாற்றம் விரைகிறது என்றும் கண்டனர். களஞ்சியத்தின் கொழுப்பைக் கரைக்கும் ஏவலாளே காவற்கூடம் இடிந்துபோகாமலும் காக்கிறான். இதை ஒத்த மருந்துகள் கல்லீரல் அழற்சிக்காக இன்று மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூர்ந்து கேட்க வேண்டும். மனிதரில் ஒருநாள் பட்டினியால் இந்த ஹார்மோன் பெரிதும் உயர்வதில்லை; ஒரு வாரத்துக்கு மேல் உண்ணாதிருந்தபோதே தெளிவாக உயர்ந்தது. அத்தகைய நீண்ட பட்டினியோ தைமஸைச் சுருக்கும் வழியில் கொண்டு சேர்க்கக்கூடியது. அப்படியானால் பயனுள்ள வழி எது? அமெரிக்காவில் பருமனற்ற, நலமான மனிதர்களைக் கொண்டு ஈராண்டுகள் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. அவர்கள் எந்த நாளும் பட்டினி கிடக்கவில்லை. நாள்தோறும் உண்ணும் ஆற்றலின் அளவை ஏறத்தாழ 14 விழுக்காடு குறைத்துக்கொண்டனர். ஏழு கவளம் உண்பவர் ஆறு கவளத்தோடு எழுவது போன்றது அது. ஈராண்டு முடிவில் எம்.ஆர்.ஐ. படத்தில் அவர்களுடைய தைமஸில் கொழுப்புக் குறைந்து, பணிசெய்யும் பகுதி கூடியிருந்தது. வழக்கம்போல் உண்டவரிடம் அம்மாற்றம் இல்லை. 2022-இல் இம்முடிவு வெளியானது. வயது ஏற ஏறச் சுருங்குவதே விதி என்று கருதப்பட்ட ஓர் உறுப்பு, கவளம் ஒன்று குறைந்ததால் மீண்டும் துளிர்த்தது.

சமண அறம் வகுத்த புறத்தவங்கள் ஆறனுள் முதலாவது அனசனம், உண்ணாநோன்பு. இரண்டாவது அவமோதரியம், வயிறு நிறையுமுன் கையை நிறுத்துவது. முன்னதை ஊர் அறியும். நோற்றவரை மாலையிட்டுப் போற்றும். பின்னதை எவரும் அறிவதில்லை. அதற்கு மாலையும் இல்லை. அத்தவங்கள் உயிரின் மாசு நீங்குவதற்காக வகுக்கப்பட்டவை. மருந்துச் சீட்டாக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும், நாள்தோறும் எவரும் அறியாமல் ஒரு கவளம் குறைப்பது உடலுக்கும் இசைந்தது என்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டுகிறது.

நோன்பு முடிந்து பாரணை செய்யும் நாளைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாள் ஒறுத்த உடலுக்கு மூன்றாம் நாள் காலையில் ஜிலேபியும் பால்கோவாவும் நெய்யில் பொரித்த பண்டங்களும் குவிக்கப்படுவது பல இல்லங்களின் வழக்கமாகிவிட்டது. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடலின் எல்லா உறுப்புகளும் பகிர்ந்துகொள்ளும். ஃபிரக்டோஸின் சுமையோ பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. மிகையானால் அங்கேயே கொழுப்பாகிறது. நோன்பு இறக்கிவைத்த சுமையைப் பாரணை திரும்ப ஏற்றிவைக்கலாகாது. பாசிப்பயற்றுக் கஞ்சியும் மோரும் பழமும் போதும்.

கல்லீரலில் கொழுப்பு உள்ளவர், உடலெடை மிகுந்தவராயின், எடையில் 5 விழுக்காடு குறைத்தாலே கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 விழுக்காடு வரை குறைத்தால் அழற்சியும் தணிகிறது. 80 கிலோ எடையுள்ளவர்க்கு 5 விழுக்காடு என்பது 4 கிலோ. தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவதும், காப்பியில் சர்க்கரையை விடுவதும், நாள்தோறும் விரைந்து நடப்பதும் அதற்கான வழிகள். பருப்பு, கொண்டைக்கடலை, எள், முந்திரி ஆகியவற்றில் துத்தநாகமும் உண்டு. மெலிந்த உடலினர்க்கும் கல்லீரலில் கொழுப்பு வரும் என்பதால், தோற்றத்தை நம்பியிருத்தல் கூடாது.

அதேபோது, நோன்பு எல்லார்க்கும் ஒன்றன்று. வளரும் பிள்ளைகளின் தைமஸ் வாழ்நாள் முழுமைக்குமான காவலரைப் பழக்கும் காலம் அது. அவர்களுக்கு நீண்ட பட்டினி ஆகாது. கருவுற்றவரும், பாலூட்டுபவரும், நோயால் நலிந்தவரும் விலக்கு உடையவர். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் ஒருவேளை உணவையும் விடலாகாது. புரதமின்றிச் சோறும் ரசமும் மட்டும் உண்டு நோன்பு மேல் நோன்பு நோற்று வற்றிப்போன மூதாட்டி எந்த வீட்டிலேனும் இருப்பாராயின், அவர் தட்டில் பருப்பு விழுகிறதா என்று பார்ப்பது அவ்வீட்டாரின் கடன். அவர் கேட்கமாட்டார், பரிமாறுபவரே பார்க்க வேண்டும்.

தைமஸ் முதியவர்க்குத் தேவையற்றது என்ற எண்ணமும் அண்மையில் மாறிவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், அறுவையில் தைமஸ் நீக்கப்பெற்ற வயதுவந்தோர் 1,146 பேரை, நீக்கப்பெறாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டு 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகளில் முன்னவருள் 8.1 விழுக்காட்டினரும், பின்னவருள் 2.8 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். புற்றுநோயும் முன்னவரிடம் இருமடங்கு மிகுந்திருந்தது. சுருங்கிய நிலையிலும், பெரும்பகுதி கொழுப்பாக மாறிய நிலையிலும், அச்சிறு சுரப்பி தன் காவற்பணியை விட்டுவிடவில்லை.

மதுவைத் தொடாமலே நோயுற்ற அந்த மனிதரிடம் மீண்டும் செல்வோம். அவர் மைத்துனருக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. அவர்மீது பழியும் இல்லை. அவர் கல்லீரலில் தேங்கியிருப்பது பெரும்பாலும் அன்போடு பரிமாறப்பட்ட உணவே. போதும் என்று சொல்லக் கூசி உண்ட கவளங்களும், விருந்தினர் மனம் நோகாமல் ஏற்ற இனிப்புகளும் அங்கே இருக்கின்றன. ஆகவே, மருந்தும் அவர் ஒருவர் கையில் இல்லை. பரிமாறும் கையிலும் பாதி இருக்கிறது. இலையின் முன் அமர்ந்தவர் 'போதும்' என்று கைகாட்டினால், இன்னும் ஒரு கரண்டி இடாமல் நிற்பதும் ஓர் அன்பே.

அழகர்மலைப் பாறையில் பெயர் பெற்ற பணித வணிகன் தன் பாகைத் துறவியர்க்குக் கொண்டுபோய் ஊட்டவில்லை. படுக்கை அமைத்துக் கொடுத்து வணங்கிவிட்டு மலையிறங்கினான். அவனுக்கு அளவு தெரிந்திருந்தது.